நடுவே ஆனைக்கு ஒரு வழி

நான் கடல் ஆள். முல்லைத்தீவுக் கரையில் பிறந்து, அப்பாவோடு வள்ளத்தில் போய், முதுகு நோவு வந்த பிறகு வலையை விட்டுவிட்டு வான் ஓட்டுகிறவன். யாக்கோப்பு என்று கேட்டால் பஸ் நிலையத்தில் எவரும் கையைக் காட்டுவார்கள். கடல் கோபித்தால் முன்கூட்டியே முகத்தில் காட்டும். காடு அப்படியில்லை. எது எந்தப் பற்றைக்குள் நிற்கிறதென்று கடைசிவரை சொல்லாது. ஆகவே காட்டுப் பக்க ஹயர் ஓட்டம் என்றால் ஏதாவது சாட்டுச் சொல்லித் தட்டிவிடுவேன்.

அந்த ஆவணியில் தட்ட முடியவில்லை. என் மனைவி புனிதம் போனை எடுத்து, "ஓம் ஓம், இவர் வருவார்" என்று சொல்லி முடித்துவிட்டாள். யாழ்ப்பாணத்திலிருந்து இரண்டு சகோதரிகள். மூத்தவர் அருந்ததி, வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், கழுத்தில் தூரக்கண்ணாடி. இளையவர் கௌசலா, சரித்திரப் பைத்தியம். ஒருவருக்குப் பறவை, மற்றவருக்குப் பழைய கல். வானில் ஏறிய நேரத்திலிருந்து எங்கே எவ்வளவு நேரம் நிற்பது என்றுதான் இரண்டு பேருக்கும் சண்டை.

என் வானைப் பற்றியும் சொல்ல வேண்டும். ரிவர்ஸ் கியர் போட்டால் அது பாடும். கொழும்பில் ஆள் வைத்துப் பொருத்தியது. மற்ற வான்கள் கீக் கீக் என்று கத்தும், என்னுடையது முழுப் பாட்டாகப் பாடும், தெருமுனை வரை கேட்கும். எனக்கு அதில் சரியான பெருமை.

நந்திக்கடல் கரையில் மூத்தவர் வென்றார். வறட்சிக்குத் தண்ணீர் வற்றிச் சேறும் சகதியுமாய்க் கிடந்தது. கூழைக்கடாக்கள் ஒரு பக்கம், நாரைகள் ஒரு பக்கம். சின்ன வயதிலிருந்து அந்தக் கரையால் போய் வருகிறேன், மீன் தின்னுகிற சனியன்கள் என்பதற்கு மேல் அவற்றை நான் நினைத்ததில்லை. "ஒருக்காப் பாருங்கோ யாக்கோப்பு அண்ணை" என்று அந்த அக்கா கண்ணாடியைக் கழற்றித் தந்தார். நாரையின் பின்பக்கச் செட்டையில் ரோஸ் நிறம் இருக்கிறதென்று அன்றைக்குத்தான் கண்டேன். சும்மா சொல்லக்கூடாது, நல்ல வடிவு.

வற்றாப்பளையில் இளையவர் வென்றார். கடல் தண்ணீரில் விளக்கெரிக்கிற கோயில் அது. நான் வேதக்காரன்தான், ஆனால் அந்தத் தண்ணீர் எங்கள் கடலில் அள்ளுவது. "எங்கட தண்ணியிலைதான் அம்மாளுக்கு விளக்கு எரியுது" என்று நான் ஏதோ சொந்தக் கிணறு மாதிரிச் சொன்னதற்கு இரண்டு பேரும் சிரித்தார்கள். முள்ளியவளையில் தேத்தண்ணி. பிறகு ஒட்டுசுட்டான் தாண்டிக் கற்சிலைமடுவில் ஒரு கல்லுக்கு முன்னால் வெயிலில் நின்றோம். வன்னியின் கடைசி அரசன் பண்டாரவன்னியனை இங்கே தோற்கடித்தோம் என்று வெள்ளைக்காரர்கள் நட்ட கல்லின் கதையைக் கௌசலா அக்கா சொன்னார். "வெண்டவன்ரை பேர் ஒருத்தருக்கும் ஞாபகமில்லை அண்ணை. மாலை விழுறது தோத்தவருக்கு" என்றார். எனக்கு அது பிடித்திருந்தது.

அதற்குப் பிறகு மாங்குளம், மல்லாவி, அங்கிருந்து உள்ளே போகும் கிரவல் பாதை. ஆனை பார்க்கப் போகிறோம் என்று அப்போதுதான் எனக்குச் சொன்னார்கள். அந்தோனியாரே! புனிதம் இதைத் தெரிந்துகொண்டே மறைத்துவிட்டாள்.

ஒரு சின்னக் குளத்துக்குக் கிட்ட, கிடுகு வேலி போட்ட காணி. படலையில் நின்ற பெண்தான் கமலேஸ்வரி. ஐம்பதை எட்டுகிற வயது, ஒல்லி உடம்பு, கவுனுக்கு மேல் ஆம்பிளைச் சேர்ட். இரண்டு உள்ளங்கையிலும் தோல் உரிந்து சிவந்திருந்தது. "வாங்க, வாங்க" என்றார். அந்த "வாங்க" மலையகத்து வாங்க. ஆனால் இடைக்கிடை எங்கள் "ஓம்" வந்து விழும். இரண்டும் ஒரே பானையில் வெந்த கதை.

"அண்ணே, வான ரோட்டு ஓரமாவே விட்டுட்டு வாங்க" என்றார்.

ரோட்டில் ஒரு பொட்டு நிழல் இல்லை. என் சீற்றெல்லாம் சூடேறி, அந்த இரண்டு அக்காமாரும் பிறகு என்னைத்தான் திட்டுவார்கள். கொஞ்சம் முன்னே போய்ப் பார்த்தேன். வேலிக்கு அந்தப் பக்கம், இரண்டு பஸ் பக்கம் பக்கமாகப் போகக்கூடிய அகலத்தில், ரோட்டிலிருந்து குளம் வரைக்கும் சுத்தமான வெட்டவெளி. குளத்துப் பக்க முடிவில் ஒரு பெரிய மருதமரம். இப்படி ஒரு இடத்தை வைத்துக்கொண்டு ரோட்டில் விடச் சொல்கிறாளே மனிசி என்று நினைத்தேன். நடுவில் ஒரு முளை கூட அடித்திருந்தது. வாகனம் நிறுத்தத்தான் அடையாளம் வைத்திருக்கிறார்கள் என்று முடிவெடுத்து, மருதமர நிழலில், குளத்துக் காற்று படும்படி மூக்கை அந்தப் பக்கம் வைத்து வானை நிறுத்தினேன். நல்ல காற்று. கண்ணாடியை இறக்கிவிட்டு வந்தேன்.

முற்றத்தில் தேத்தண்ணியும் ரொட்டியும் கட்டச் சம்பலும் தயார். அக்காமார் ஒரு பக்கம் இருந்தார்கள். மற்றப் பக்கம் கதிரையில் கையைக் கட்டிக்கொண்டு ஒருவர். சுமன் என்று கமலேஸ்வரி சொன்னார், பக்கத்துக் காணியில் வாழை விவசாயம், ஊர்க் கமக்காரர் அமைப்பின் தலைவர். முப்பத்தைந்து வயதிருக்கும். முகம் சரியில்லை.

"எங்கப்பா ராஜரத்தினம் தேயிலத் தோட்டத்து ஆளு" என்று கமலேஸ்வரி அக்காமாருக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். "எழுபத்தேழு கலவரத்துல லயத்து வீடுகள எரிச்சிட்டாங்க. ஒரு பெட்டியோட வன்னிக்கு வந்தாரு. காட்ட வெட்டிக் காணி எடுத்துக்கன்னாங்க. அவரு சுத்திப் பாத்தாரு. எல்லா எடத்துலயும் காடு, இங்க மட்டும் நடுவுல ஒரு மரமில்ல, ஒரு பத்தயில்ல, நீட்டுக்கு வெட்டவெளி. அடடா, சாமியே வெட்டி வச்சிருக்குன்னு அதுலயே குடிசயப் போட்டுட்டாரு. ஊரே சிரிச்சிச்சு. சொல்லல்ல, சிரிச்சிச்சு."

"ஏன் சிரிச்சவை?" என்றார் கௌசலா அக்கா.

"அது ஆனை வழி. காட்டுக்கும் கொளத்துக்கும் அதுங்க போற வர்ற வழி. இந்தப் பக்கத்து ஆளுங்களுக்குப் பாத்ததும் தெரியும். மலையில ஆனை ஏது, அவருக்கு எப்பிடித் தெரியும்? அந்த வருசமே வந்து குசினிய இழுத்துப் போட்டுருச்சு. திருப்பிக் கட்டினாரு. திருப்பி வந்துச்சு. அப்பதான் எங்கம்மாகிட்ட சொன்னாராம், 'புள்ள, தப்பு அதுங்க மேல இல்ல. நாமதான் ரோட்டுல வீடு கட்டிட்டோம்'னு."

நான் ரொட்டியைக் கடித்தபடி, "எந்தப் பக்கம் அக்கா அந்த வழி?" என்றேன்.

"இந்தா, வேலிக்கு அந்தப் பக்கம்."

கடித்த ரொட்டியைத் தட்டில் வைத்துவிட்டேன். உடனே எழும்பிச் சொல்லியிருக்கலாம். ஆனால் சுமன் என்னையே பார்ப்பதுபோல இருந்தது. ஆனை என்ன, மணி பார்த்தா வரப்போகிறது, மெதுவாக எழும்பிப்போய் எடுத்துவிடலாம் என்று இருந்தேன். அதற்குள் கதை என்னைப் பிடித்துக்கொண்டது.

ராஜரத்தினம் காணியை விட்டுப் போகவில்லை. ஆனையைத் துரத்தவும் இல்லை. காணியை நடுவால் பிளந்தார். வீடு இந்தப் பக்கம், கிணறும் தோட்டமும் அந்தப் பக்கம், நடுவே வழி. அதில் ஒரு கத்தரிக்கன்று கூட நடவில்லை. கமலேஸ்வரி பிறந்ததிலிருந்து தண்ணீர் அள்ளப் போவதென்றால், கண்டி ரோட்டைக் கடக்கிற மாதிரி இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் போவாராம். அதற்குப் பிறகு அந்த வீட்டில் ஒரு கிடுகைக்கூட ஆனை தொட்டதில்லை.

யுத்தத்தின் கடைசிச் சண்டையில் கமலேஸ்வரியின் புருசன் செத்துப்போனார். கைக்குழந்தை தனுஷாவோடு முகாமில் கிடந்து, விட்ட பிறகு ஊருக்கு வந்தார். வந்து பார்த்தால் ஊரே இல்லை. வீடு இல்லை, வேலி இல்லை, கிணறு தூர்ந்து காடு மூடிக் கிடந்தது. காணி உறுதிப் பத்திரம் எல்லாம் எரிந்தோ தொலைந்தோ போயிருந்தது. எது யாருடைய காணி என்று தெரியாமல் சனம் பற்றைக்குள் நின்று ஆளோடு ஆள் சண்டை பிடித்தது.

"நானும் அழுதுகிட்டே நின்னேன்" என்றார் கமலேஸ்வரி. "அப்பப் பாத்தா, காலுக்குக் கீழ புது லத்தி. நிமிந்து பாக்கறேன், கொளத்துப் பக்கமா நீட்டுக்குப் பத்த இல்ல. நாங்க எல்லாரும் ஓடிட்டோம், அதுங்க மட்டும் அந்த வழிய விடல்ல. அதுல நின்னு கெணறு எந்தப் பக்கம்னு ஞாபகத்துல நடந்து போயி, பத்தய வெட்டினேன். கெணத்துக் கட்டு கத்தியில பட்டுச்சு. அந்தக் கெணத்துலருந்து அளந்துதான் அக்கம் பக்கமெல்லாம் எல்ல புடிச்சாங்க. சுமன் காணியும் அப்பிடிக் கெடச்சதுதான்."

சொல்லும்போது அவருக்குக் குரல் நடுங்கவே இல்லை. எனக்குத்தான் கண் கலங்கியது.

"அது அப்ப அக்கா" என்றார் சுமன், கையைக் கட்டியபடியே. "நான் மறுக்கேல்லை. இப்ப என்ன நடக்குது? இந்த வருசம் ஒரு நாளாவது வழியாலை போச்சுதே? என்ரை வாழைக்குள்ளாலைதான் இறங்குது. ஒரு ராத்திரியிலை அரைவாசித் தோட்டம் போச்சு. சின்னப் பிள்ளையளை வைச்சுக்கொண்டு நாங்கள் நித்திரை கொள்ளுறேல்லை."

"வழியில தூணெல்லாம் கொண்டாந்து குவிச்சது யாரு? அடைச்சு வச்சா அதுங்க எங்க போகும்? இன்னைக்குத்தான் ஒத்த ஆளா எல்லாத்தயும் இழுத்து ஓரத்துல போட்டிருக்கேன்."

உரிந்த உள்ளங்கையின் கதை அதுதான். ஊருக்கு மின்சார வேலி வருகிறது. வழியின் குளத்துப் பக்க வாயைக் குறுக்காக அடைத்துக் கம்பி போவதாகத் திட்டம். அந்த வாயின் ஒரு கரையில்தான் சுமனின் வாழைத்தோட்டம். நான் வாகனம் நிறுத்தும் அடையாளம் என்று நினைத்த முளை, அந்தக் கம்பிக்கு அடித்த முளை.

"சரி, நான் பிடிவாதக்காரன் இல்லை" என்றார் சுமன். "அதுக்குத்தான் வந்து இருக்கிறன். இண்டைக்குப் பின்னேரம் வழியாலை போகட்டும், அமைப்பிலை நானே கதைக்கிறன். என்ரை வாழைக்குள்ளை இறங்கிச்சுதெண்டால் நாளைக்குக் காலமை தூண் நடுறதுதான். பிறகு என்னைக் கோவிக்கப்படாது."

"கோவிக்கல்ல" என்றார் கமலேஸ்வரி. "ஆனா அடைச்சீங்கன்னா அதுங்க ஊருக்குள்ள பத்து வழி தேடும் தம்பி. எங்கப்பா அதுக்காகத்தான் பாதிக் காணிய விட்டாரு."

நான் கதிரையை விட்டு எழும்பினேன். "அக்கா," என்றேன், "என்ரை வான்..."

அதற்குள் முற்றத்து ஓரக் காவல் பரணில் ஏறியிருந்த அருந்ததி அக்கா, "ஐயோ, வந்திட்டுது!" என்றார், பறவைக்குப் பழகிய மெல்லிய குரலில்.

எல்லோரும் ஏறிப் பார்த்தோம். குளத்துக்கு அந்தப் பக்கக் காட்டிலிருந்து குளக்கட்டோரமாய் ஆனைகள் வந்துகொண்டிருந்தன. முன்னால் கிழிந்த காதோடு ஒரு பெரிய பெட்டை. பின்னால் மற்றவை, கால்களுக்கு நடுவே இரண்டு குட்டி. கமலேஸ்வரியின் முகம் மலர்ந்தது. பிறகு அவர் கண் மருதமரத்துக்குப் போனது. வழியின் வாயில், வெள்ளை நிறத்தில், கதவு சாத்தி, என் வான்.

அவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. ஏசியிருந்தால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேன். ஆடத் தெரியாதவள் மேடை கோணல் என்ற மாதிரி, ரோட்டில் நிழல் இல்லை, அடையாளம் வைக்கவில்லை என்று வாய்க்கு வந்ததைச் சொல்லியிருப்பேன். அவர் ஏசவில்லை. "எங்கப்பா செஞ்சதத்தான் செஞ்சிருக்கீங்க அண்ணே" என்றார். "சாவிய எடுங்க. வாங்க."

பெட்டை வழிக்கு வந்து வானைக் கண்டு நின்றுவிட்டது. மற்றவையும் நின்றன. துதிக்கை மேலே போய்க் காற்றை மோந்தது. பிறகு தலை மெதுவாகச் சுமனின் வாழைத்தோட்டப் பக்கம் திரும்பியது.

"ஸ்டார்ட் பண்ணிப் பின்னால எடுத்துருங்க, மெதுவா" என்றார் கமலேஸ்வரி.

"ஏலாதக்கா."

"ஏன்?"

"பின்னாலை எடுத்தால் பாடும்."

யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பார்கள். மணியை நான் என் வானிலேயே கட்டி வைத்திருந்தேன். கமலேஸ்வரி ஒரு கணம் கண்ணை மூடித் திறந்தார். "நியூட்ரல்ல போடுங்க. தள்ளுவோம். நீங்க ஸ்டேரிங்கப் புடிங்க. காத மட்டும் பாத்துச் சொல்லுங்க. காது விசிறிக்கிட்டிருந்தா பயமில்ல. விறைச்சு நின்னுச்சுன்னா சொல்லுங்க, ஓடிருவோம்."

யோசித்துப் பாருங்கள். வானின் மூக்கு குளத்துப் பக்கம். பின்னுக்குத் தள்ளுவதென்றால் முன்னால் நின்று தள்ள வேண்டும். அதாவது ஆனைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. ஆனையைப் பார்க்கிற ஒரே ஆள், கண்ணாடிக்கு உள்ளே, உலகத்திலேயே பெரிய பயந்தாங்கொள்ளி யாக்கோப்பு.

கமலேஸ்வரி போய் வானின் முன்பக்கத்தில் தோளை வைத்தார். அக்காமார் இரண்டு பேரும், நான் வேண்டாம் வேண்டாம் என்று கை காட்டியும், செருப்பைக் கழற்றிவிட்டு வந்து ஆளுக்கொரு பக்கம் நின்றார்கள். தள்ளினார்கள். வான் அசையவில்லை. ரோட்டுப் பக்கம் கொஞ்சம் மேடு.

சுமன் வேலியோரம் நின்றார். அவருக்கென்ன? வான் அங்கேயே நின்றால் ஆனை அவருடைய வாழைக்குள் இறங்கும், அவர் சொன்னதுதான் சரியென்று ஊர் சொல்லும், நாளைக்குத் தூண் ஏறும். நான் கண்ணாடிக்குள்ளால் அவரைத்தான் பார்த்தேன். அவர் வாழைகளைப் பார்த்தார், அந்தக் குட்டிகளைப் பார்த்தார், ஆனைக்கு முதுகு காட்டி நிற்கிற மூன்று பெண்களைப் பார்த்தார். பிறகு சறத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வந்து கமலேஸ்வரிக்குப் பக்கத்தில் தோளைக் கொடுத்தார்.

வான் அசைந்தது.

"காது?" என்றார் கமலேஸ்வரி.

"விசிறுது" என்றேன். "விசிறுது... விசிறுது..." செபமாலை சொல்கிற மாதிரி அதையே சொல்லிக்கொண்டிருந்தேன். வான் ஒரு முழம், இன்னொரு முழம் பின்னால் போனது.

"நிண்டிட்டுது! காது நிண்டிட்டுது!"

"தள்ளாதீங்க" என்றார் அவர், ஆனைப் பக்கம் திரும்பாமலே. "அப்பிடியே நில்லுங்க. மூச்ச விடுங்க."

நான்கு பேரும் என் வானைக் கட்டிப்பிடித்தபடி நின்றார்கள். கமலேஸ்வரியின் முகம் எனக்கு நேரே, கண்ணாடிக்கு அந்தப் பக்கம். பயம் இல்லாத முகம் என்று சொன்னால் பொய். உதடு வெளிறியிருந்தது. ஆனாலும் அவர் என் கண்ணைத்தான் பார்த்தார், தன் உயிரை என் வாயில் வைத்துவிட்டு. மாதாவே, என்னை இப்படி ஒருவரும் நம்பியதில்லை.

கிழிந்த காது ஒருமுறை ஆடியது. மற்றதும் ஆடியது.

"விசிறுதக்கா."

தள்ளினார்கள். வேலியில் தோட்டச் சாமான் ஏற்ற ஒரு பின்படலை இருந்தது. அதற்குள் வானைத் திருப்பி ஏற்றி, படலையைச் சாத்திக்கொண்டு, ஐந்து பேரும் வேலி இடுக்கால் பார்த்தோம்.

பெட்டை கொஞ்ச நேரம் நின்றது. பிறகு நடந்து வந்து, வான் நின்ற இடத்தில் சிந்தியிருந்த ஒயிலை மோந்து, புழுதியை அள்ளி முதுகில் எறிந்தது. சுமனின் வாழைப் பக்கம் ஒரு தரம் பார்த்தது. சுமன் மூச்சே விடவில்லை. பிறகு நேரே வழியால் வந்தது. ஒன்றன் பின் ஒன்றாய் எங்களுக்கு முன்னால், கைநீட்டினால் தொடுகிற கிட்டத்தில், காலடிச் சத்தமே இல்லாமல் போயின. இவ்வளவு பெரிய உடம்புக்குச் சத்தமே இல்லை! ஒரு குட்டி முளையைச் சுற்றி ஓடித் தாயோடு போய் ஒட்டிக்கொண்டது. அருந்ததி அக்காவின் கழுத்தில் கண்ணாடி சும்மா தொங்கியது. கௌசலா அக்கா அழுதுகொண்டிருந்தார்.

கடைசி ஆனையும் ரோட்டைத் தாண்டி மற்றப் பக்கக் காட்டுக்குள் மறைந்தது. அதுவரை இரும்பு மாதிரி நின்ற கமலேஸ்வரி அப்படியே நிலத்தில் குந்தி, முகத்தைப் பொத்திக்கொண்டு விம்மினார். நான் பக்கத்தில் போய், "என்னை ஏசுங்கோ அக்கா, நல்லா ஏசுங்கோ" என்றேன்.

"அடுத்த தடவ வான எங்க விடுவீங்க?" என்றார் விம்மலுக்கு நடுவில்.

"மல்லாவியிலையே விட்டிட்டு நடந்து வாறன்."

சிரித்துவிட்டார். நாங்களும் சிரித்தோம், சுமனைத் தவிர. அவர் வழிக்குள் இறங்கிப் போய், நடுவில் நின்ற முளையை ஆட்டிப் பிடுங்கினார். பிடுங்கிக்கொண்டு தன் வாழைத்தோட்டக் கரைக்கு நடந்தார். எல்லையில் நடுவார் என்று பார்த்தேன். நிற்கவில்லை. எல்லையைத் தாண்டித் தன் காணிக்குள் போய், முதல் வாழை வரிசைக்கு அந்தப் பக்கம் முளையை ஊன்றினார்.

"குறுக்காலை வேண்டாம். ரெண்டு கரையாலையும் கம்பி போகட்டும்" என்றார். "வாய் ஒடுக்கமாக் கிடக்குது அக்கா. குட்டியளோடை வாறதுக்குக் காணாது."

கமலேஸ்வரி எழும்பி, கண்ணைத் துடைத்துக்கொண்டு அவரிடம் போனார். அந்த வாழை வரிசையைப் பார்த்தார், முளையைப் பார்த்தார்.

"எங்கப்பாவுக்கு எடம் பாக்கத் தெரியாதுன்னு ஊரே சிரிச்சிச்சு சுமன்."

"சிரிச்ச ஆக்களிலை எங்கட அப்பாவும் ஒராள்" என்று சொல்லிவிட்டு, சுமன் கல் ஒன்றை எடுத்து முளையின் தலையில் ஓங்கி அடித்தார்.